திவசத்தில் எண்பது, கட்டுரையில் அறுபது

ஓசாகா
1978 செப்டம்பர் 9

அன்புள்ள சாயோ அக்காவுக்கு,

கென்சாகு எழுதுகிறேன். இங்கே இன்னும் வெயில் விடவில்லை. சாப்பாடும் பிடிபடவில்லை. இந்த ஊர் நூடுல்ஸ் சாற்றில் நிறமும் இல்லை, உப்பும் இல்லை. நம் குரோஹாமா ஆட்களிடம் கொடுத்தால் கிண்ணத்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதோடு வைத்திருப்பது நம் எலிச் சோதனையின் கட்டுரை. முதல் பெயர் பேராசிரியர் இகுமாவுடையது. இரண்டாவது பெயரைப் பார். எட்டு மாதத் தலைவலி எட்டுப் பக்கமாகச் சுருங்கிவிட்டது, ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

நான் எலிக் கொட்டகையில் சம்மணம் போட்டுப் பகடை உருட்டியது உனக்கு நினைவிருக்கும். இரட்டைப்படை விழுந்த எலிக்கு நீலச் சீட்டு, ஒற்றைப்படைக்குச் சிவப்பு. "இதுக்காடா உன்னப் படிக்க வச்சேன், சூதாடவா?" என்று துடைப்பத்தோடு நின்று கேட்டாய். அந்தச் சூதாட்டத்தில்தான் அக்கா எல்லாமே இருக்கிறது. எண்பது எலிகளுக்கும் ஒரே மாதிரி ஈரலைக் கெடுத்துவிட்டு, பாதிக்கு மட்டும் நான் முன்கூட்டியே கலந்து வைத்த தீனியில் மலைச்செடியின் வேர்ப்பட்டைச் சாறு. எந்த நிறச் சீட்டுக்குச் சாறு போகிறது என்று தீனி போடும் உனக்கும் தெரியாது, எலியைப் பார்க்கும் பேராசிரியருக்கும் தெரியாது. அதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, என் முத்திரையைக் குத்தி அவர் மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். தெரிந்துவிட்டால் மனிதன் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். மார்ச் கடைசியில் நான் இங்கே வேலைக்கு வந்தபோது சோதனை மூன்றாவது வாரத்தில் இருந்தது. மீதியை நீங்கள் எல்லோரும் நல்லபடியாக முடித்துக்கொடுத்தீர்கள்.

நவம்பரில் அங்கே ஆஸ்பத்திரியில் நாற்பது ஈரல் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். அத்தானின் ஈரல் இப்போது எப்படி இருக்கிறது? சாக்கே மதுவைத் தொடவில்லையே?

இந்தக் கட்டுரையை நம்பித்தான் ஏப்ரலில் என் வேலையை நிரந்தரமாக்குவார்கள். அதுவரை எனக்காகக் கொஞ்சம் வேண்டிக்கொள்.

தம்பி
கென்சாகு


குரோஹாமா
செப்டம்பர் 25

தம்பி கென்சாகுவுக்கு,

கட்டுரை வந்தது. உன் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. என் கண்ணில் காட்டுவதற்கு முன்பே மீன்கடைக்குக் கொண்டுபோய், "என் மச்சான் பேரு, இந்தா பாரு, அச்சுல வந்திருக்கு" என்று காட்டியிருக்கிறார். கடைக்காரர் ஈரக்கையால் புரட்டியதில் மூன்றாம் பக்கம் கணவாய் நாற்றம் அடிக்கிறது. அப்படியே அப்பா அம்மா படங்களுக்கு முன்னால் வைத்து மணி அடித்துக் கும்பிட்டார். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த மருந்துச் சோதனைக்குச் சம்மதத் தாளில் முத்திரை குத்திவிட்டும் வந்துவிட்டார். யாசுஜி என்கிற மனிதர் இருபது வருடத்தில் என்னைக் கேட்காமல் செய்த முதல் காரியம் இது.

நான் எழுத வந்தது வேறு. முந்தாநாள் கொட்டகைக்குப் பின்னால் எலிகளுக்கு வருடத் திவசம் நடந்தது. உனக்குத் தெரியாததல்ல. எலிகளின் நினைவுக்கல்லுக்கு முன்னால் ஊதுவத்தி, ஆரஞ்சு, ஒரு தட்டில் தீனி. பிட்சு மந்திரம் சொல்லி முடித்ததும் ஒவ்வொரு பேராசிரியரும் வந்து தங்கள் சோதனையில் செத்ததும் முடிவில் அறுத்துப் பார்த்ததுமாகப் போன உயிர்களின் கணக்கைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார்கள். இகுமா வந்தார். கறுப்புக் கோட்டு, கண்ணில் தண்ணீர்கூட. "வேர்ப்பட்டைச் சோதனையில் எண்பது உயிர்கள்" என்று சொல்லி இடுப்பு வளையக் குனிந்தார். சரியான கணக்குதான். என் நோட்டிலும் எண்பதுதான். திவசத்துக்கு முதல் வாரமே அவரே கொட்டகைக்கு வந்து, "சாயோ அம்மா, ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது, செத்ததுங்க விஷயம் பாருங்க" என்று சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து உன் கட்டுரையைப் புரட்டினேன். எனக்கு அந்த எழுத்தெல்லாம் புரியாது, ஆனால் எண் படிக்கத் தெரியும். மருந்து தின்ற நீலத்தில் முப்பது, தின்னாத சிவப்பில் முப்பது என்று போட்டிருக்கிறது. சோதனை நடுவே சாவு எதுவும் இல்லை என்றும் போட்டிருக்கிறது.

மீதி இருபது எங்கேயடா?

அக்கா


ஓசாகா
அக்டோபர் 2

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. திவசக் கணக்கும் கட்டுரைக் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சோதனை நடக்கும்போது சில எலிகளுக்கு வேறு சீக்கு வரும். சளிக்காய்ச்சல் வந்த எலியை வைத்துக்கொண்டு ஈரலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதனால் அவற்றை விலக்குவார்கள். இது உலகம் முழுக்க நடப்பதுதான். இருபது எலிகள் அப்படி விலகின என்று பேராசிரியர் எனக்கு எழுதியிருந்தார்.

இதையெல்லாம் கொட்டகையில் மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருக்காதே. ஒன்றைக் கேட்டு ஒன்பதாக்குகிற ஊர் அது. அங்கே உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதையும் மறந்துவிடாதே.

அத்தான் சோதனையில் சேர்ந்தது நல்லது. அவரை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்.

கென்சாகு


குரோஹாமா
அக்டோபர் 8

கென்சாகு,

வேலை வாங்கிக் கொடுத்ததைச் சொல்லிக்காட்டுகிறாய். இருக்கட்டும். மீன் டப்பா ஆலையில் பதினோரு வருடம் குடல் உருவி உன்னைப் படிக்க வைத்ததை நான் சொல்லிக்காட்டவில்லை. இப்போதும் சொல்லிக்காட்டவில்லை, எழுதத்தான் எழுதுகிறேன்.

சளிக்காய்ச்சல் வந்த எலி எப்படி இருக்கும் என்று எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம். மூக்கு ஒழுகும், மூச்சு கிறீச்சிடும். அந்த இருபதில் பத்து தானாகச் செத்தவை, அவை அப்படியில்லை. நீ ஊரைவிட்டுப் போன அந்த வாரத்திலிருந்து நீலச் சீட்டுக் கூண்டில் தினம் ஒன்று, இரண்டு. காது, பாதம், வால் எல்லாம் மஞ்சள். வாயோரம் ரத்தம். தூக்கினால் கைக்குள் கூழாக இருக்கும். எலி நாற்றம் எனக்கு என்றைக்கும் பெரிதாகப் பட்டதில்லை. அந்தப் பத்தைத் தூக்கிப்போட்ட பிறகு மூன்று தடவை சோப்பு போட்டும் சோற்றில் கை வைக்க முடியவில்லை. எலியிடமிருந்து வந்த அருவருப்பு என்று அப்போது நினைத்தேன்.

மீதிப் பத்து நீலமில்லை, சிவப்பு. நான்காவது வாரம் இகுமா கொட்டகைக்கு வந்தார். "சிவப்புல நல்லா கொழுகொழுன்னு இருக்கிறதா பாத்துப் பத்து எடுங்க, வேற வேலைக்கு வேணும்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஈரல் தேறி, கூண்டுக்குள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்த எலிகள். அன்று சாயங்காலமே பத்தும் செத்து வாளிக்குள் கிடந்தன. எந்த வேலைக்கும் எடுக்கவில்லை. நீலத்தில் பத்து குறைந்ததால் சிவப்பிலும் பத்தைக் குறைத்து முப்பதுக்கு முப்பது என்று அழகாகச் சமன் பண்ணியிருக்கிறார். செத்தவற்றையும் மறைத்தாயிற்று, மருந்து இல்லாமலே பிழைத்தவற்றையும் மறைத்தாயிற்று.

பிறகு கல்லுக்கு முன்னால் வந்து எண்பது என்று அழுதார். செத்த எலிகளிடம் பொய் சொல்ல அந்த ஆளுக்குப் பயம், உயிரோடு இருக்கிற மனிதர்களிடம் பயமே இல்லை. ச்சீ! பக்கத்தில் நின்று நானும் கைகூப்பினேனே என்று உடம்பெல்லாம் கூசுகிறது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. எந்த நிறத்துக்கு மருந்து என்று உறைக்குள் அல்லவா இருந்தது? சோதனை முடியும்வரை அது பிரிக்கப்படவில்லை. நானே மேசை இழுப்பறையைத் துடைக்கும்போது உன் முத்திரை முழுசாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் அவருக்கு எப்படித் தெரிந்தது?

உன் அத்தானிடம் சொல்லிப் பார்த்தேன். "உன் தம்பி படிச்சவன். நீ எலிக்குத் தீனி போடுறவ. உனக்கு என்னடி தெரியும்?" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நீ எழுதினால் கேட்பார். 'அத்தான், அந்த மருந்தைச் சாப்பிடாதீர்கள்' என்று ஒரே ஒரு வரி. நவம்பர் முதல் தேதிக்கு முன்னால் வந்துவிட வேண்டும்.

சாயோ


ஓசாகா
அக்டோபர் 19

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். அத்தான் கையில் கிடைக்க வேண்டாம்.

உறையை யாரும் பிரிக்கவில்லை. நான்தான் சொன்னேன். நான் இங்கே வந்த நான்காம் நாள் அவர் போன் செய்தார். என்னை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவர் அவர்தானே, முதலில் அதைப் பற்றித்தான் பேசினார். அறை கிடைத்ததா, சாப்பாடு பிடித்ததா என்று விசாரித்தார். வைக்கும் நேரத்தில், "ஆமா, உறை உறைன்னு பெருசா வச்சுட்டுப் போனியே, நீலம்தானே மருந்து?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. நம் ஊரில் பெரியவர் கேட்ட கேள்விக்கு மூன்று நொடி பதில் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். "சரி சரி, புரிஞ்சுது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பெரியவரிடம் பொய் சொல்லக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். பகடை, சீட்டு, முத்திரை என்று நான் கட்டிய அத்தனையும் போன் வயரில் ஒரு மௌனத்தால் போய்விட்டது. பத்து எலிகள் செத்தது எனக்கு மே மாதமே தெரியும். எப்படிச் செத்தன என்று அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத் தெரிந்ததால்தான் இரண்டாவது பெயர் கிடைத்தது.

நீ கேட்ட ஒரு வரியை என்னால் எழுத முடியாது. அத்தான் அதை மீன்கடையிலும் வார்டிலும் காட்டுவார், அது இகுமாவுக்குப் போகும். ஏப்ரலில் என் கதை முடிந்துவிடும். இந்த நாட்டில் வேறு எந்த ஆய்வகமும் என்னை வாசல்படி ஏற்றாது. நீ குடல் உருவிச் சேர்த்த படிப்பு, அக்கா.

ஆனால் அத்தானுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு வழி இருக்கிறது. நாற்பது பேரில் இருபது பேருக்குத்தான் மருந்து மாத்திரை. மீதி இருபது பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று குலுக்கல் போட்டு எடுப்பார்கள். அந்தப் பட்டியல் இகுமாவிடம் இருக்கிறது. நான் கேட்டால் அத்தானை மாவுப் பக்கம் மாற்றிவிடுவார். எனக்கு அவர் ஒரு கடன் பட்டிருக்கிறார்.

சரி என்றால் எழுது. அத்தானிடம் ஒரு வார்த்தையும் சொல்லாதே.

கென்சாகு


குரோஹாமா
அக்டோபர் 24

கென்சாகு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய்த் துப்பினேன். நிஜமாகவே துப்பினேன்.

மாவுப் பக்கம் ஒருவரை மாற்றினால் மருந்துப் பக்கம் ஒருவர் போக வேண்டும், இல்லையா? இருபதுக்கு இருபது சமன் பண்ண வேண்டுமே! அந்த ஆளுக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பாள். அவளுக்கு எலிக் கொட்டகையில் வேலையும் கிடையாது, ஓசாகாவில் தம்பியும் கிடையாது. இதையெல்லாம் நினைத்துப் பார்த்துத்தான் எழுதினாயா, அல்லது இதையும் கேட்காமலே இருந்துவிட்டாயா?

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை அத்தானிடம் போனேன். ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உள்ளாடைகளை மடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை உன் சின்ன வயசுக் கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். காட்டினால் அவர் பிழைப்பார். நீ ஒழிந்துபோவாய். இரண்டு தடவையும் மடியில் செருகிக்கொண்டு திரும்பி வந்தேன்.

மாற்றச் சொல்.

எழுதிவிட்டேன். இனி உன்னைப் பற்றி வாய்கிழியப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

சாயோ


ஓசாகா
நவம்பர் 2

அக்கா,

ஆகிவிட்டது. என் கடிதங்களை எரித்துவிடு.

கெ.


குரோஹாமா
டிசம்பர் 14

கென்சாகு,

ஆறு வாரமாக நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. எழுதாமல் இருக்க நம் வீட்டில் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உன் அத்தானுக்கு ஜன்னலோரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் ஓகிதா என்று ஒருவர், நகரப் பேருந்து ஓட்டுநர், முப்பத்துநாலு வயது. இரண்டு பெண் பிள்ளைகள். முதல் இரண்டு வாரம் இரண்டு பேரும் ரேடியோவில் சுமோ மல்யுத்தம் கேட்பதும், சீட்டு விளையாடுவதும், என் முள்ளங்கி ஊறுகாய்க்குச் சண்டை போடுவதுமாக இருந்தார்கள். காலையில் செவிலி வந்து ஆளுக்கொரு காகிதப் பொட்டலத்தில் மூன்று மாத்திரை வைத்துவிட்டுப் போவாள். பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாவது வாரம் ஓகிதாவின் கண் மஞ்சளானது. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. காது, உள்ளங்கை, பல்லோரம் ரத்தம். நான் ஏப்ரலில் கொட்டகையில் கையில் தூக்கிய அதே நிறம். ஊறுகாய் டப்பாவை வைத்துவிட்டு வேலை இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த மூன்று வாரம் அந்தக் கட்டில் பக்கம் திரும்பாமலே போய் வந்தேன். என் புருஷன் கண் வெள்ளையாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஓகிதாவின் பெண்டாட்டி எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பாள், வாங்கிக் குடிப்பேன். இதை உன்னிடம் எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன சனிக்கிழமை மத்தியானம் வெளிச்சத்தில் உட்கார வைத்து உன் அத்தானுக்கு முகம் மழித்துவிட்டேன். அவருடைய கண்ணோரமும் மஞ்சளாக இருந்தது.

என்ன சாப்பிட்டீர்கள், யார் என்ன கொடுத்தார்கள் என்று உலுக்கினேன். முதலில் மழுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ நல்ல காரியம் செய்த பிள்ளை மாதிரி சொன்னார்: "கத்தாத. ஓகிதாவுக்குப் பாவம், மாவு மாத்திரைதான் போகுது போலருக்கு. நாளுக்கு நாள் மோசமாயிட்டே வரான். எனக்குப் பாரு, கல்லு மாதிரி இருக்கேன். மச்சான் கண்டுபிடிச்ச மருந்து, எனக்கு மாவையா குடுப்பாங்க? சின்னப் பிள்ளைங்க இருக்கிற ஆளு. அதான் மூணு வாரமா பொட்டலத்த மாத்திக்கிட்டோம். ஒருநாள் விட்டு ஒருநாள்."

உனக்குப் புரிகிறதா? மூன்று வாரமாக ஓகிதா அந்த மருந்தில் பாதிதான் சாப்பிட்டார். மீதிப் பாதியை என் புருஷன் தானம் செய்வதாக நினைத்து வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

நான் கத்தினேன். வார்டு முழுக்கக் கேட்கும்படி. அந்த மருந்தில் எலிகள் இப்படித்தான் மஞ்சளாகிச் செத்தன, துப்புங்கள் எல்லோரும் என்று கத்தினேன். செவிலி என் வாயைப் பொத்த வந்தாள், தள்ளிவிட்டேன். பெரிய டாக்டர் வந்தார். உன் கடிதங்களை நான் எரிக்கவில்லை. திவச நோட்டையும் அவற்றையும் அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். படித்து முடித்துவிட்டு, "நீங்களும் சரின்னு எழுதினதாலதானே 'ஆகிவிட்டது'ன்னு பதில் வந்திருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று சாயங்காலமே நாற்பது பேருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இகுமா ஊரில் இல்லையாம், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

ஓகிதா திங்கட்கிழமை இறந்துவிட்டார். சாவுக்குப் போனேன். அந்தப் பெண்ணின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரிய பெண் வந்து என் செருப்பைத் திருப்பி வாசல் பார்க்க வைத்தாள்.

உன் அத்தான் இப்போது தனி அறையில் இருக்கிறார். வாந்தி நிற்கவில்லை. பிழைப்பாரா என்று கேட்டால் டாக்டர் தாளைப் புரட்டுகிறார். நேற்று கொஞ்சம் தெளிவாக இருந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கென்சாகுவுக்கு எழுதிட்டியா?"

"இல்ல."

"எழுதாத. இந்த மருந்து இப்படின்னு தெரிஞ்சா அந்தப் பிள்ள நொறுங்கிப் போயிடுவான். இகுமாதான் அவன்கிட்ட மறைச்சிருக்கான், பாவி. அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்னச் சாப்பிட விட்டிருப்பானா?"

"விட்டிருக்க மாட்டான்" என்று சொன்னேன். அது பொய்யுமில்லை, அவருக்கு நீ மாவுதானே கேட்டு வாங்கினாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உனக்கு முன்பே தெரியும் என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. நீ வந்து சொல். சாயங்கால வண்டியில் வராதே, காலை வண்டியில் வா. விளக்கு போட்டுவிட்டால் எல்லோர் முகமும் மஞ்சளாகத்தான் இருக்கும். நீ பகல் வெளிச்சத்தில் அவரைப் பார்க்க வேண்டும்.

சாயோ